நாலு தட்டு பிளாஸ்டிக் குடில்: வீவக தாழ்வாரத்துக்குத் தேறுமா?

இணையக் கடைகளில் ‘மினி கிரீன்ஹவுஸ்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இதுதான். பச்சைக் குழாய்ச் சட்டம், நாலு கம்பித் தட்டு, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, முன்பக்கம் ஜிப் வைத்துச் சுருட்டிக் கட்டும் கதவு. அகலம் 69 செ.மீ., ஆழம் 49 செ.மீ., உயரம் 158 முதல் 160 செ.மீ. பெட்டியின் மேல் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றேதான். விலை பெரும்பாலும் ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும். வெற்றிலைக் கொடி, அந்தூரியம், பெரணி, கொத்தமல்லி, மல்லிகைக் குச்சி என வெயிலையும் சாரலையும் தாங்காத செடிகளைச் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் பொதுத் தாழ்வாரத்தில் வைத்திருப்பவர்கள் ஆசையோடு வாங்குவதும் இதைத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இதைச் சட்டத்துக்காக வாங்கலாம், உறைக்காக வாங்கக் கூடாது. உறையை விளம்பரப் படத்தில் இருப்பதுபோல் மாட்டி ஜிப்பை இழுத்து மூடினால், வெயில் படும் இடத்தில் செடி ஒரே பிற்பகலில் வெந்துவிடும். உறையைக் கழற்றி, மேலே சாய்வாக ஒரு மழைத் தாளும் பக்கங்களில் நிழல் வலையும் கட்டினால், அதே சட்டம் இந்த ஊருக்கு ஏற்ற நல்ல மறைவிடமாகிவிடும்.

காரணம் எளிது. இந்தக் குடில் உறைபனி விழும் நாடுகளுக்காகச் செய்யப்பட்டது. அங்கே வேலை, பகல் சூட்டைப் பிடித்து வைப்பது. இங்கே தடுக்கக் குளிரும் இல்லை, சூட்டைப் பிடித்து வைக்கத் தேவையும் இல்லை. கரையோரப் பூந்தோட்டங்களில் 2012ல் திறக்கப்பட்ட ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடம்கூட உள்ளே 23 முதல் 25 டிகிரி வரை இருக்கும்படி குளிரூட்டித்தான் நடத்தப்படுகிறது. சிங்கப்பூரில் மென்மையான செடிக்கு எதிரிகள் நான்கு: மேற்கு வெயில், பக்கவாட்டில் அடிக்கும் மழை, இலையை உலர்த்தும் காற்று, சுவர் கக்கும் சூடு. மூடிய உறை முதல் எதிரிக்குத் துணை போகிறது.

வெளியே 32 டிகிரி இருக்கும் நாளில், நேர் வெயில் படும் மூடிய உறைக்குள் 40ஐத் தாண்டுவது சாதாரணம். கதவைச் சுருட்டித் திறந்து வைத்தாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. கதவின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் அளவுக்கு பிளாஸ்டிக் மூடியேதான் இருக்கும். சூடான காற்று மேலே ஏறி அங்கேயே தங்கும். வெளிச்சம் நன்றாக வரும் என்று நம்பி நாற்றுகளை மேல் தட்டில் வைப்போம். குடிலிலேயே அதிகச் சூடு அந்தத் தட்டில்தான். இரவில் கதை நேர்மாறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் உறையின் உள்பக்கம் வியர்த்து, விடியும்வரை இலைமேல் சொட்டும். நாற்றுகள் தண்டின் அடியில் நீர்கோர்த்துச் சாய்ந்து விழும் நாற்றழுகல் நோய்க்கு இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் அளவு நாடா எடுங்கள். தாழ்வாரத்தில் ஆள் நடமாட 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. குடிலின் ஆழம் 49 செ.மீ. சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி 10 முதல் 15 செ.மீ. மூன்றையும் கூட்டினால் 179 முதல் 184 செ.மீ. உங்கள் தாழ்வாரம் அதைவிடக் குறுகல் என்றால் இந்த விமர்சனத்தின் மீதிப் பாதியை உங்கள் பால்கனியை மனத்தில் வைத்துப் படியுங்கள். அகலம் போதுமென்றாலும் நகர மன்றம் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் உறை தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். உறையைக் கழற்ற அதுவும் ஒரு காரணம்.

கைப்பிடிச் சுவரை ஒட்டி வைப்பதாக இருந்தால் நாலு தட்டும் வேண்டாம். 160 செ.மீ. உயரச் சட்டம் சுவருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சூறைக்காற்றில் மேல் தட்டுத் தொட்டி கீழே போனால் அது செடியோடு நிற்கும் விவகாரமல்ல. பெரும்பாலான மாடல்களில் குழாய்கள் ஒரே நீளம் என்பதால், சட்டத்தை இரண்டு தட்டாகக் குறைத்துக் கட்டலாம். மீதியைப் பக்கத்தில் இன்னொரு குட்டை அடுக்காக வைக்கலாம். இந்தச் சட்டத்தின் உண்மையான சிறப்பு இந்த நெகிழ்வுதான். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு. அதனால் ‘காலை வெயில்தானே’ என்று நினைக்கும் 11 மணி வெயில் உண்மையிலேயே காலை வெயில்தான், ஆனால் மாலை 5 மணிக்கும் மேற்குப் பக்கம் சுள்ளென்று அடிக்கும். அடுத்தது, சூரியன் பக்கம் மாறுவது. ஜூன் மாதத்தை ஒட்டி வெயில் வடக்குப் பக்கம் சாயும், டிசம்பரை ஒட்டித் தெற்குப் பக்கம். வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஜனவரியில் நிழலில் தழைத்த பெரணிக்கு ஜூனில் இலை நுனி கருகுவது இதனால்தான். உரம் கூடிவிட்டதோ என்று பலர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வலை வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. பிற்பகல் 1 மணிக்கு, செடி இருக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு கத்தி போல் கூர்மையாக விழுந்தால் அது நேர் வெயில், வலை தேவை. விளிம்பு மங்கலாக இருந்தால் பெரணிக்கும் அந்தூரியத்துக்கும் அதுவே போதும். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்த வலையும் கட்டாதீர்கள். மேல்மாடித் தளமே ஏற்கெனவே பெரும்பங்கு வெளிச்சத்தை மறைத்துவிட்டது. வீவக வீடுகளில் நிழல் போதாமல் கெடும் செடிகளுக்கு இணையாக, நிழல் கூடிக் கெடும் செடிகளும் உண்டு. இதே சோதனையை 4 மணிக்கும் ஒருமுறை செய்து பாருங்கள், மேற்கு பார்த்த வீடாக இருந்தால் கட்டாயம்.

இனி கட்டும் முறை. கூடவே வாங்க வேண்டியவை: 50 விழுக்காடு நிழல் வலை 2 மீட்டருக்கு 2 மீட்டர், யூவி (புற ஊதாக் கதிர்) தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாள் ஒன்றரை மீட்டர், கறுப்பு நிறக் கேபிள் டை ஒரு பொட்டலம், 5 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டி நான்கு. வலையில் பின்னல் வகையைக் கேட்டு வாங்குங்கள். நெசவு வகையைக் கத்தரித்தால் ஓரம் இழை இழையாகப் பிரிந்துவிடும், பின்னல் வகை பிரியாது. வெள்ளை நிறக் கேபிள் டை வெயிலில் சில மாதங்களிலேயே மொறுமொறுப்பாகி உடையும். கறுப்பில்தான் யூவி தாங்கும் வகை கிடைக்கும்.

குழாய்களை இணைப்பில் செருகும்போது கையால் மட்டும் அழுத்தினால் பாதிதான் உள்ளே போகும். பிறகு தொட்டி ஏற்றியதும் சட்டம் ஒரு பக்கம் சாயும். ஒரு பழந்துணியை மேலே வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி, குழாய் அடிவரை இறங்கியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். செருகுவதற்கு முன் ஒவ்வொரு குழாய் முனையிலும் கொஞ்சம் கிரீஸ் தடவுவது நல்லது. மேல்பூச்சு வெளிப்புறம் மட்டும்தான். இந்த ஊர் ஈரத்தில் துரு உள்ளிருந்து, முனையில்தான் தொடங்கும். வெளியே தெரியும்போது இணைப்பு கழன்று வரும் நிலைக்கு வந்திருக்கும்.

கம்பித் தட்டுகளை நாலு மூலையிலும் கேபிள் டையால் இறுக்குங்கள். உடன் வரும் பிளாஸ்டிக் கொக்கியை நம்ப முடியாது. நான்கு புட்டிகளிலும் தண்ணீரோ மணலோ நிரப்பி, மூடியை இறுக்கி, அடித்தட்டில் வையுங்கள். வெறும் சட்டத்தின் எடை சில கிலோதான். அடியில் 20 கிலோ இருந்தால்தான் காற்றுக்கு நிற்கும். அது மட்டும் போதாது. மேல் பகுதியை இரண்டு இடத்தில் சன்னல் கம்பியோடு கட்டுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று யாரையும் எழுப்பிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி வையுங்கள். மேற்கு வெயில் வாங்கிய கான்கிரீட் சுவர் இரவு நெடுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஒட்டி வைத்தால் பின்வரிசைத் தொட்டிகளின் மண் சீக்கிரம் காயும், வேர் வேகும்.

கூரைத் தாள் தட்டையாக இருக்கக் கூடாது. ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட 10 செ.மீ. உயர்த்திக் கட்டினால் தண்ணீர் வழியும் சாய்வு கிடைக்கும். தட்டையாக விட்டால் நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். சாய்வைத் தாழ்வாரத்தின் வடிகால் பக்கம் திருப்புங்கள். கைப்பிடிச் சுவருக்கு வெளியே வழிய விட்டால் கீழ்வீட்டாரின் துணிக்கம்பியில் போய் விழும். அதன் பிறகு நடக்கும் பேச்சுவார்த்தைக்கு எந்த நிழல் வலையும் காப்பு இல்லை. சாரல் வரும் பக்கம் தாளை 15 செ.மீ. நீட்டி விடுங்கள். அதே சமயம் தாளுக்கும் பக்க வலைக்கும் இடையே நாலு விரல் அளவு இடைவெளி கட்டாயம் வேண்டும். சூடான காற்று வெளியேறும் வாசல் அதுதான். அந்த இடைவெளியை அடைத்தால் பழைய உறையைத் திரும்ப மாட்டியதற்குச் சமம்.

வலை முன்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் சுற்றி வர 167 செ.மீ. போதும். மீதி மடித்துக் கட்டச் சரியாக இருக்கும். கறுப்பு வலை தானும் சூடாகும். அது இலையைத் தொடாமல், குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். நிழல் இன்னும் வேண்டுமென்றால் புது வலை தேட வேண்டாம், இருப்பதையே இரட்டையாக மடியுங்கள். 50 விழுக்காடு வலை இரண்டு மடிப்பு என்றால் கால் பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும், அதாவது 75 விழுக்காடு நிழல்.

எதை எங்கே வைப்பது? வெற்றிலைக்கு இந்த அமைப்பு மிகப் பொருத்தம். தமிழ்நாட்டுக் கொடிக்கால்களில் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் கொடியை நடுவார்கள். வடிகட்டிய வெளிச்சம், மறிக்கப்பட்ட காற்று, அடியில் ஈரம் மூன்றையும் அகத்தி கொடுக்கிறது. இங்கே அகத்தியின் வேலையை ஒற்றை மடிப்பு வலை செய்யும். கொடியைச் சட்டத்தின் குழாயிலேயே ஏற்றிவிடலாம், ஆனால் நேரடியாக அல்ல. வெயில் படும் உலோகக் குழாயில் பற்றுவேர் ஒட்டாது. குழாய்மேல் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றி, கயிற்றை ஈரமாக வைத்திருங்கள்.

டென்ரோபியம் ஆர்க்கிட் மேல் தட்டில் ஒற்றை வலையோடு நன்றாக இருக்கும். அந்தூரியம், பெரணி, பிகோனியா நடுத்தட்டில், இரட்டை மடிப்புக்குப் பின்னால். கொத்தமல்லிக்குக் காலை வெயில் மட்டும் படும் பக்கம், 15 செ.மீ. ஆழத் தொட்டி. வேர் நேராக இறங்குவதால் பிடுங்கி நடக் கூடாது, விதையை இரண்டாக உடைத்து அதே தொட்டியில் விதைக்க வேண்டும். மண் சூடேறினால் இலை விடுவதை நிறுத்திப் பூத்தண்டு விட்டுவிடும். வலை அதைத் தள்ளிப் போடும், தடுக்காது. கொத்தமல்லியில் இங்கே பெரிய அறுவடையை எதிர்பார்ப்பது அதிகப்படி.

ரோஜாவுக்குக் கூரைத் தாள் மட்டும், வலை வேண்டாம். இலை நனையாமல் இருந்தால் கரும்புள்ளி நோய் கணிசமாகக் குறையும், வெயில் குறைந்தால் பூவே குறையும். கறிவேப்பிலையையும் துளசியையும் இந்தக் குடிலுக்குள் கொண்டுவராதீர்கள். இரண்டும் வெயில் குடித்து வளர்பவை. நிழலில் கறிவேப்பிலை ஒல்லியாக நீண்டு, மாவுப்பூச்சியை விருந்துக்கு அழைக்கும்.

கழற்றிய உறை வீண் என்று தூக்கி எறிய வேண்டாம். குச்சி வேர் பிடிக்க வைக்கும்போது மட்டும் அது உதவும், அதுவும் நேர் வெயில் அறவே படாத இடத்தில். மல்லிகையில் பாதி முற்றிய 10 முதல் 12 செ.மீ. குச்சி, வெற்றிலையில் மூன்று கணு உள்ள துண்டு. தென்னைநார்த் தூளும் பெர்லைட்டும் (நீர் வடிய உதவும் வெள்ளைக் குருணை) சரிபாதி கலந்த கலவையில் நட்டு, அடித்தட்டை மட்டும் சுற்றி உறைத் துண்டால் மூடினால், வேர் இல்லாத குச்சி வாடாமல் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். புது இலை விரிந்ததும் ஒரேயடியாகத் திறக்காமல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இதே வேலையை இன்னும் மலிவாகச் செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். குச்சி மட்டுமே வளர்ப்பவருக்குக் குடிலே தேவையில்லை.

மறைவிடத்துக்கென்றே சில நோய்கள் உண்டு. மழை படாத இலையின் அடிப்பக்கம் செஞ்சிலந்தி பெருகும். வெளியே இருந்தால் மழையே கழுவிவிடும். இலை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் தெரிந்தால் அதுதான். வாரம் ஒருமுறை காலையில் இலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் கட்டுப்படும். மாலையில் செய்தால் இலை இரவெல்லாம் ஈரமாக இருந்து பூஞ்சைக்கு வழிவிடும். மண்மேல் வெள்ளை உப்புப் படிவதும் இதே காரணத்தால்தான்: உரத்தின் மிச்சத்தை அலசிவிட மழை வருவதில்லை. மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். வெளியே கொட்டும் மழையைப் பார்த்துவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்ற மறப்பது இன்னொன்று. டிசம்பர் மழையில் காய்ந்து போன செடி என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் கூரைத் தாளுக்குக் கீழே அது நடக்கும்.

ஈரப்பதம் கூட்டத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விடும் பழக்கத்தைத் திறந்த சட்டத்தில் செய்து பயனில்லை. அந்த ஈரம் சில செ.மீ. மேலே போவதற்குள் காற்றில் கரைந்துவிடும். கல் இடுக்கில் நிற்கும் தண்ணீர் மட்டும் மிஞ்சும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏடிஸுக்கு ஒரு வாரம்போல் போதும். தொட்டித் தட்டுகளை ஒன்றுவிட்டு ஒருநாள் கவிழ்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டே வைக்காதீர்கள். செடிகளை நெருக்கி வைப்பது இதைவிட நல்ல வழி. இலைகள் விடும் ஈரமே ஒன்றுக்கொன்று காப்பாகும்.

சிலர் குடிலோடு மலிவான வெப்ப, ஈரப்பதமானியும் வாங்குவார்கள். நல்லதுதான், ஆனால் ஈரப்பத எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒரு சிறிய மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு மூடி இரவு முழுதும் விடுங்கள். கருவி 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் எப்போதும் 6ஐக் கழித்துப் படியுங்கள். கருவிமேல் வெயில் நேராகப் பட்டால் அது காட்டுவது காற்றின் சூடு அல்ல, தன் சூடு. ஒரு வெள்ளைக் காகிதக் குவளையைக் கவிழ்த்து நிழல் கொடுங்கள். பிற்பகல் 2 மணிக்கு உள்ளே வெளியைவிட 3 டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் மேல் இடைவெளி போதவில்லை.

பருவத்துக்குப் பருவம் கழற்றி மாட்டும் வேலையும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் மழை நாள்கணக்கில் நீளும்போது வெளிச்சமே குறைவு என்பதால் வலையைக் கழற்றிவிட்டுக் கூரைத் தாளை மட்டும் வைத்திருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வடகிழக்குக் காற்று உலர்வாக வீசும். அப்போது காற்று வரும் பக்கம் வலை இரட்டை மடிப்பாக இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் வலையும் வேண்டும், கூரையும் வேண்டும்.

எத்தனை நாள் வரும்? தெளிந்த பிவிசி உறையாக இருந்தால் வெயிலில் மஞ்சளாகி, மடிப்புகளில் வெடிக்கும். ஜிப் அதற்கு முன்பே போய்விடும். கட்டம் போட்ட பச்சைப் பாலித்தீன் உறை கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். இணைப்புகளில் கீறல் தெரிந்தால் அந்தத் தட்டிலிருந்து எடையை உடனே இறக்குங்கள். 20 செ.மீ. தொட்டி ஒன்று தண்ணீர் ஊற்றியபின் 4, 5 கிலோ வரும். ஒரு தட்டில் அப்படி ஆறு வைத்தால் கம்பி வளையும்.

கடைப் பக்கத்தில் குழாயின் விட்டம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 16 மி.மீ.க்குக் குறைவானதை எடுக்காதீர்கள், 19 கிடைத்தால் நல்லது. இணைப்புகள் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ‘உறை மட்டும்’, ‘சட்டம் மட்டும்’ என்று இரண்டு தெரிவுகள் இருக்கும் பக்கத்தில் சட்டத்தை மட்டும் வாங்கி, மிச்சமாகும் காசை வலைக்குப் போடுங்கள்.